தும்மலை விடுங்கள், இரவு இருமலைச் சொல்லுங்கள்

ஆண்டுதோறும் மழைக்காலத்தில் தும்மலும் கண் அரிப்பும் வாட்டுகின்றன, எனக்கு ஆஸ்துமாவா என்று மும்பையிலிருந்து கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு விடை, நீங்கள் விரிவாக வர்ணித்திருக்கும் தும்மலிலோ கண் அரிப்பிலோ இல்லை; கடைசி வரியில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கும் இருமலில் இருக்கிறது. இரண்டு வாரங்களாக விடியற்காலையில் இருமல் எழுப்பிவிடுகிறது, எழுந்து உட்கார்ந்தால் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறது என்கிறீர்கள். மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மூச்சுக்குழாய்களும் சுருங்குவதுண்டு, அது பின்னிரவில் கூடுவதும் வழக்கமே. ஆகவே இந்த வாரமே நுரையீரல் மருத்துவரைப் பார்த்து, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையைச் செய்துகொள்ளுங்கள். பகலில் செய்யும் சோதனை சரியாக வந்துவிட்டது என்பதற்காக இரவு இருமலைச் சொல்லாமல் திரும்பிவிடாதீர்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க இயலாமல் மூச்சு வாங்கினாலோ உதடுகள் நீலம் பாரித்தாலோ, மும்பையில் ரயில் நிற்கும் அளவுக்கு மழை கொட்டினாலும், விடியட்டும் என்று காத்திராமல் அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும்.

இன்ஹேலர் பழகிவிடும் என்று இணையத்தில் படித்து அஞ்சுகிறீர்கள். அது பழகாது, மிகச் சிறிய அளவு மருந்தை நேரே மூச்சுக்குழாயில் சேர்க்கிறது. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விழுங்கிய பீட்டாமெத்தசோன், உடல் முழுவதும் பரவும் ஸ்டீராய்டு மாத்திரை. அதற்கு நீங்கள் அஞ்சவே இல்லை! எத்தனை நாள் எடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வாரக்கணக்கில் எடுத்திருந்தால் அவரைக் கேளாமல் திடீரென நிறுத்தவும் வேண்டாம். ஒரு மாதமாகப் போட்டுவரும், மூக்கடைப்பைத் திறக்கும் ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்தும் அஞ்ச வேண்டியதுதான்: சில நாட்களுக்கு மேல் போனால் அதுவே மூக்கை அடைக்கத் தொடங்கும். அதற்குப் பதிலாக மருத்துவர் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே எழுதித் தந்தால், அதன் முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகலாம் என்பதால் இரண்டே நாளில் கைவிடாதீர்கள்.

இரத்தப் பரிசோதனையில் ஐ.ஜி.இ. (ஒவ்வாமையோடு தொடர்புடைய எதிர்ப்புப் புரதம்) எண் கூடியிருப்பது ஒவ்வாமைக்கான போக்கைக் காட்டுகிறது, அவ்வளவே. அந்த எண்ணுக்காக உணவை ஒதுக்க வேண்டாம்; வாழைப்பழத்தையும் தயிரையும் சாப்பிட்டபின் தொல்லை எதுவும் வந்ததில்லை என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள். காய்ச்சல் வந்தால் மட்டும் அதை ஒவ்வாமைக் கணக்கில் எழுதாதீர்கள். மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல் மூன்றும் உலவும் பருவம் இந்த மழைக்காலம்.

உங்கள் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிக் கறுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பூஞ்சையும் தலையணையில் பெருகும் தூசிப்பூச்சிகளும்தான் ஜூன் முதல் செப்டம்பர் வரை உங்களைத் தும்மவைக்கின்றன என்பது என் ஊகம். கட்டிலை அந்தச் சுவரிலிருந்து நகர்த்துங்கள், ஈரத்துணிகளை அந்த அறையில் உலர்த்தாதீர்கள், தலையணை உறைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். பூஞ்சையை வேறொருவர் துடைக்கட்டும், அப்போது நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம்.