வாசகர் கேள்வி: இத்தனை பெரிய நடிகர்கள் இருந்தும் சிரிப்பு வராதது ஏன்?

கேள்வி: ஐயா, சென்ற வாரம் 'மூவி 43' என்ற ஆங்கிலப் படத்தை வீட்டில் பார்த்தோம். கேட் வின்ஸ்லெட், ஹ்யூ ஜாக்மன், ஹாலி பெரி, ரிச்சர்ட் கியர், எம்மா ஸ்டோன் என்று பெயர்ப்பட்டியலைப் பார்த்து ஆசையோடு உட்கார்ந்தவர்கள், அரை மணி நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசி எழுந்துவிட்டோம். இவ்வளவு பெரிய நடிகர்கள் இதற்கு எப்படி ஒப்புக்கொண்டார்கள்?
– வாசகி, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: முழுக் கதையையும் படித்துப் பார்த்து அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை; படிப்பதற்கு முழுக் கதை என்று ஒன்று இருக்கவும் இல்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத குட்டிப் படங்களைக் கோத்து, பதின்மூன்று இயக்குநர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட தொகுப்பு அது. தயாரிப்பாளர் சார்ல்ஸ் வெஸ்லர் ஒரு திருமணத்தில் சந்தித்த ஹ்யூ ஜாக்மனிடம் பேச்சுக் கொடுத்து அவரைச் சம்மதிக்க வைத்தார். பிறகு கேட் வின்ஸ்லெட் சேர்ந்தார். இருவரும் நடித்த பகுதியை முதலில் எடுத்து முடித்து, அதைத் தூண்டிலாக வைத்துக்கொண்டு மற்றவர்களை ஒவ்வொருவராக அணுகினார்கள். நடிகருக்கு ஓய்வு கிடைக்கும்போது, அவர் இருக்கும் ஊருக்கே போய் ஓரிரு நாளில் எடுத்துக்கொள்வது என்ற ஏற்பாட்டில் படம் முடிய ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிடித்தன. ஓரிரு நாள் வேலை, உடன் நடிப்பவர் புகழ்பெற்றவர், கேட்பவர் பழகியவர் என்னும்போது மறுத்துப் பேசுவது எளிதன்று. ரிச்சர்ட் கியர் நழுவிவிடப் பார்த்ததாகவும், ஜார்ஜ் க்ளூனி நேரடியாகவே மறுத்துவிட்டதாகவும் அப்போதே செய்திகள் வந்தன.

படம் 2013 ஜனவரி 25 அன்று வெளிவந்தது. அதே மாதத்தில்தான் ஜாக்மன், நவோமி வாட்ஸ் இருவரும் வேறு படங்களுக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றிருந்தார்கள். வின்ஸ்லெட்டும் ஹாலி பெரியும் ஏற்கெனவே அந்த விருதை வாங்கியவர்கள். அப்படிப்பட்டவர்களை வைத்து எடுத்த படத்துக்கு, அடுத்த ஆண்டு மிக மோசமான படத்துக்கான 'ராஸி' விருது வழங்கப்பட்டது. தயாரிப்பாளருக்குப் பெரிய நட்டமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்: சுமார் 60 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகெங்கும் 3 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நீங்கள் எதைப் பார்த்து உட்கார்ந்தீர்களோ, அந்தப் பெயர்ப்பட்டியலைப் பார்த்துத்தான் மற்றவர்களும் சீட்டு வாங்கியிருக்கிறார்கள்.

கேள்வி: நடிகர்கள் கொடுத்த வேலையைச் செய்துவிட்டுத்தானே போனார்கள்? அவர்கள் திறமை வீணானது என்று எப்படிச் சொல்ல முடியும்?
– வாசகர், லெனேஷியா

பதில்: முதல் பகுதியையே எடுத்துக்கொள்வோம். வின்ஸ்லெட் ஒருவரோடு உணவகத்துக்கு வருகிறார். பார்ப்பதற்கு எல்லா வகையிலும் பொருத்தமான அந்த மனிதர் கழுத்துத் துண்டை எடுத்ததும், கழுத்தில் இருக்கவே கூடாத ஓர் உறுப்பு அங்கே தொங்குகிறது. (இது எது என்று கேட்டு அடுத்த வாரம் கடிதம் எழுத வேண்டாம், வீட்டில் பிள்ளைகளும் படிக்கும் இதழ் இது.) சுற்றியிருப்பவர் எவரும் அதைக் கண்டுகொள்வதில்லை, வின்ஸ்லெட்டைத் தவிர. இந்த அமைப்பில் நல்ல நகைச்சுவைக்கு இடம் இருக்கிறது. தான் ஒருத்தி மட்டும் பைத்தியமாகிவிட்டோமோ என்று அந்தப் பெண் மிரளும் முதல் ஒரு நிமிடத்தில் அவருடைய கண்கள் செய்கிற வேலையே அதற்குச் சாட்சி. அதற்குப் பிறகு எழுதியவர்களிடம் சரக்கு இல்லை. அவர் மேலும் சில முறை திடுக்கிடுகிறார், அந்த உறுப்பு மேலும் சில முறை காட்டப்படுகிறது. அந்த மனிதருக்கு அந்தப் பெண்மேல் என்ன எண்ணம், அந்தப் பெண்ணுக்கு இந்தச் சந்திப்பிலிருந்து என்ன வேண்டும், எதை விட்டுக்கொடுக்கத் தயங்குகிறார் என்று ஒன்றும் வளர்வதில்லை. திடுக்கிட்ட முகத்தைக் காட்டுவதற்கு வின்ஸ்லெட் தேவையில்லை, யாரும் போதும். சமையலில் கை தேர்ந்தவரை வரவழைத்து வெந்நீர் மட்டும் போடச் சொன்னதைப் போன்றது அது.

கேள்வி: ஆபாசம்தான் குறை என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாமே?
– வாசகர், டோங்காட்

பதில்: சொல்ல மாட்டேன். கரும்புத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர் கோயில் திருவிழாக்களில் ஆடிய தெருக்கூத்தை, தென்னாப்பிரிக்காவில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் மாற்றிக் கூப்பிடுகிறோம். அந்தக் கூத்து மரபில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் பேசுகிற கொச்சையை எந்தத் தணிக்கைக் குழுவும் எளிதில் விட்டுவிடாது. ஆனால் அவன் பேச்சு எதிரில் நிற்கும் ராஜாவின் மிடுக்கைக் குத்துவதற்காகப் பேசப்படுகிறது. அதனால்தான் பாட்டிமாரும் சிரித்தார்கள்.

2011இல் பால் ஃபீக் இயக்கிய 'பிரைட்ஸ்மெய்ட்ஸ்' படத்தில் அருவருப்பின் எல்லைக்கே போகிற காட்சி ஒன்று உண்டு. மணப்பெண்ணின் தோழி தேர்ந்தெடுத்த மலிவான உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு வந்த பெண்கள், விலையுயர்ந்த மணப்பெண் உடைக் கடையில் ஒருவர்பின் ஒருவராக வயிற்றுக்கோளாறுக்கு ஆளாகிறார்கள். அந்தக் காட்சியின் உயிர் கழிவறையில் இல்லை. உணவகத்தைத் தேர்ந்தெடுத்த கிறிஸ்டன் விக், பணக்காரப் போட்டியாளர் எதிரில் நிற்கும்போது, வியர்த்து வழிந்துகொண்டே தனக்கு ஒன்றுமில்லை என்று சாதிக்கிறார்; அவர் மென்று விழுங்கியே ஆக வேண்டும் என்று அந்தப் போட்டியாளர் ஒரு பாதாமை நீட்டுகிறார். ஏழ்மையும் வீம்பும் பொறாமையும் அந்த ஒற்றைப் பாதாமில் வந்து சேர்கின்றன. அந்தப் படத்தின் திரைக்கதையும் மெலிஸா மெக்கார்த்தியின் நடிப்பும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றன. அழுக்கு இரண்டு படங்களிலும் ஒரே அளவுதான். ஒன்றில் அதன்கீழ் ஒரு மனுஷி இருக்கிறாள்.

கேள்வி: வயது வரம்பும் எச்சரிக்கை எழுத்துகளும் போட்டுத்தானே படங்கள் வருகின்றன? அவற்றைப் பார்த்து முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: நம் திரைப்பட, வெளியீட்டு வாரியம் தரும் எழுத்துகளில் 'எஸ்' பாலுறவையும் 'என்' நிர்வாணத்தையும் 'எல்' கெட்ட பேச்சையும் குறிக்கும். பிள்ளைகளை அறையை விட்டு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவை உதவும். படம் நன்றாக இருக்குமா என்பதற்கு அவற்றில் எழுத்து இல்லை.

கேள்வி: நம் ஊர்ப் படங்களில் உலகப் புகழ் பெற்ற நடிகர் ஒருவரும் இல்லை, இருந்தும் சிரிக்க முடிகிறதே?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: 2017இல் வந்த 'கீப்பிங் அப் வித் தி கந்தசாமிஸ்' படத்தை நினைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சாட்ஸ்வர்த்தில் பக்கத்து வீடுகளில் வசிக்கும் இரண்டு தாய்மாருக்கு ஒருவரை ஒருவர் பிடிக்காது. பிள்ளைகள் காதலிக்கிறார்கள் என்று தெரிந்ததும், அந்தக் காதலைக் கெடுப்பதற்காக இருவரும் கூட்டுச் சேர வேண்டியதாகிறது. இயக்குநர் ஜயன் மூட்லி, ஜைலோஷினி நாயுடுவுக்கும் மேஷ்னி நாயக்கருக்கும் கொடுத்தது இந்த முடிச்சைத்தான். பகையை மறைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும், சிரித்துக்கொண்டே குத்த வேண்டும் என்று காட்சிதோறும் இரட்டை வேலை இருப்பதால் இருவருடைய திறமைக்கும் இடம் கிடைக்கிறது. படம் குறையற்றது என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் தொலைக்காட்சி நாடகம்போல இழுக்கிறது.

கேள்வி: 'மூவி 43'இல் பார்க்கத் தகுந்தது ஒன்றுகூட இல்லையா?
– வாசகர், டர்பன்

பதில்: ஒன்று உண்டு. நவோமி வாட்ஸும், அப்போது அவருடைய வாழ்க்கைத் துணையாக இருந்த லீவ் ஷ்ரைபரும் நடித்த பகுதி. மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர், பள்ளி வாழ்க்கையின் அவமானங்களை அவன் இழந்துவிடக் கூடாது என்று தாங்களே அவனைக் கேலி செய்து ஒதுக்குகிறார்கள். அன்பை வைத்துக்கொண்டு கொடுமை செய்கிற இரண்டு மனிதர்களை அவர்கள் நிறைய யோசித்து நடித்திருக்கிறார்கள். போகப்போக அதுவும் கை மீறுகிறது. ஆகவே பிள்ளைகள் உறங்கிய பிறகு அதை மட்டும் தேடிப் பாருங்கள், முடிந்ததும் அடுத்த பகுதி தொடங்குவதற்குள் நிறுத்திவிடுங்கள்.