அரசியல் தலைவர்கள் கடிதத்தில் மனதார மன்னிப்புக் கேட்டிருக்கிறார்களா?

கேட்டிருக்கிறார்கள், ஆனால் குறைவுதான். மனதாரவா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு வழி சொல்லிக் கொடுத்தது என் அம்மா.

நான் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். சின்ன வயசில் ஒரு தடவை தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு நாலு நாள் தண்ணீர் வரவில்லை. அஞ்சாம் நாள் ஆபீஸ் பலகையில் மலாயில் ஒரு கடிதம் ஒட்டினார்கள், கடைசி வரி 'செகாலா கெசூலித்தான் அமாட் டிகெசலி'. இந்த நாட்டில் இருக்கிற எல்லாருக்கும் மனப்பாடமான வரி. சிரமங்கள் அனைத்தும் மிகவும் வருந்தப்படுகின்றன என்று அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். இடுப்புக் குடத்தை இறக்காமலே அம்மா கேட்டார், "யாருடா வருத்தப்படுறது? பேரக் காணோமே." அதிலிருந்து எந்த மன்னிப்புக் கடிதத்தைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது அந்த ஆளைத்தான்.

நான் படித்ததிலேயே அந்த ஆள் தெளிவாகத் தெரிகிற கடிதம் அமெரிக்க அதிபர் லிங்கன் எழுதியது. உள்நாட்டுப் போரில் விக்ஸ்பர்க் நகரம் 1863 ஜூலை 4ஆம் தேதி லிங்கனின் தளபதி கிராண்டிடம் விழுந்தது, லிங்கன் 13ஆம் தேதி அவருக்கு எழுதுகிறார். நாம் இருவரும் நேரில் சந்தித்த ஞாபகம் எனக்கு இல்லை என்று தொடங்கி, நீங்கள் ஆற்றோடு கீழே போய் இன்னொரு தளபதியோடு சேரவேண்டும் என்று நினைத்தேன், நீங்கள் வடக்கே திரும்பியபோது அது தப்பு என்று பயந்தேன் என்று தான் நினைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் நீங்கள் செய்ததே சரி, நான் நினைத்தது தவறு என்று முடிக்கிறார். இத்தனைக்கும் அந்தச் சந்தேகத்தை அவர் தானாகச் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஜெயித்த நேரத்தில் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை!

நம் பக்கத்திலேயே ஒரே மனிதர் இரண்டு விதமாகவும் கேட்டிருக்கிறார். 1997இல் சிங்கப்பூரின் முன்னாள் பிரதமர் லீ குவான் யூ ஒரு வழக்குக்குக் கொடுத்த சத்தியப்பிரமாணத்தில் எங்கள் ஜொகூரைத் துப்பாக்கிச் சூட்டுக்கும் வழிப்பறிக்கும் பேர்போன இடம் என்று எழுதிவிட்டார். இங்கே பெரிய கொந்தளிப்பு. அப்புறம் நிபந்தனை எதுவும் இல்லாமல் மன்னிப்புக் கேட்டார். 2006இல் மலேசியச் சீனர்களைப் பற்றி அவர் பேசியது திரும்பவும் பிரச்சினையானபோது, அப்போதைய மலேசியப் பிரதமர் அப்துல்லா படாவிக்கு எழுதிய கடிதத்தில் நான் சொன்னது உங்களுக்கு மிகுந்த சங்கடத்தைக் கொடுத்ததற்கு வருந்துகிறேன் என்றுதான் போட்டார். வருந்துகிற ஆள் இருக்கிறார், ஆனால் வருத்தம் படாவியின் சங்கடத்துக்கு, சொன்ன சொல்லுக்கு இல்லை. படாவிக்கு அது திருப்தியாக இல்லை, எனக்கும் அப்படித்தான்.

2024 அக்டோபரில் சிறையிலிருந்து எங்கள் முன்னாள் பிரதமர் நஜிப் எழுதி அவர் மகன் வாசித்த கடிதம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் ஊழல் விவகாரம் தன் பொறுப்பில் இருந்த காலத்தில் நடந்ததற்கு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார், அதே கடிதத்தில் சூத்திரதாரி தான் இல்லை என்றும் சொன்னார். எனக்கு மனசு ஆறவில்லை.

இதை இவ்வளவு யோசிக்கக் காரணம், நானும் ஒரு கடிதம் எழுத வேண்டி வந்தது. எங்கள் மாரியம்மன் கோவிலுக்கு நான்தான் செயலாளர். போன திருவிழா நோட்டீஸில் மூணாம் நாள் உபயக்காரர் பெயரை விட்டுவிட்டேன். 'பெயர் விடுபட்டதற்கு நிர்வாகம் வருந்துகிறது' என்று எழுதி, படித்துப் பார்த்து, கிழித்துப் போட்டேன். 'அக்கா, பட்டியலைச் சரிபார்க்காமல் அச்சுக்குக் கொடுத்தது நான், தப்பு என்னுடையது' என்று திரும்ப எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாசலில் நின்றே படித்தார். "சரி தம்பி, அடுத்த வருசம் மறக்காம போட்டுடு, உள்ள வந்து தேத்தண்ணி குடி" என்றார்.