தங்க ரேக்கு போட்டோவில் ஏன் கறுக்கிறது?

கேள்வி: வீட்டிலேயே தஞ்சாவூர் ஓவியம் செய்து விற்கிறேன். நேரில் தகதகவென்று இருக்கும் தங்க ரேக்கு (ஓவியத்தில் ஒட்டும் மெல்லிய தங்கத் தகடு), செல்போனில் எடுத்தால் ஒரு பக்கம் வெள்ளைத் திட்டாகவும் இன்னொரு பக்கம் கறுத்தும் வருகிறது. கூடுதலாக ஒரு லைட் வாங்கினால் சரியாகுமா?
வாசகி, கும்பகோணம்

வாங்காதீர்கள். இன்னொரு லைட் வைத்தால் இன்னொரு வெள்ளைத் திட்டுதான் வரும்.

வண்ணம் பூசிய இடம், தன்மேல் விழும் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கும். அதனால் எங்கே நின்று பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். ரேக்கு அப்படியில்லை. ஒளி எந்தக் கோணத்தில் வந்ததோ அதே கோணத்தில் எதிர்ப்பக்கம் திருப்பி அனுப்பிவிடும், அதாவது அதற்கு எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் உங்கள் போன் படம் பிடிக்கிறது. எதிரே பல்பு இருந்தால் வெள்ளைத் திட்டு, விளக்கு போடாத ஹால் இருந்தால் கறுப்பு. ஆகவே வெளிச்சத்தைக் கூட்டுவதைவிட, ரேக்குக்கு எதிரே அகலமாக ஒரு வெள்ளைப் பரப்பை நிறுத்துவதுதான் முக்கியம்.

காலை பத்து மணிவாக்கில், நேர்வெயில் விழாத ஒரு ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஓவியத்தை நிமிர்த்தி வையுங்கள். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு பாதி ஒரு நிறமும் மறுபாதி வேறு நிறமுமாக வரும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. அப்புறம் வெள்ளைச் சார்ட் தாள்களை ஒட்டிப் பெரிதாக்கி, நடுவில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் பின்னால் போனை நிறுத்தி அந்த ஓட்டை வழியாகவே எடுங்கள். தாள் ஓவியத்தைப் போல இரண்டு மடங்கு அகலமும் உயரமும் இருக்க வேண்டும். 15-க்கு 12 அங்குலப் படம் என்றால் 30-க்கு 24. இந்தக் கணக்கு தட்டையான ரேக்குக்குத்தான். மக்கு (புடைப்பு வேலைக்கான பசைக் கலவை) வைத்துப் புடைத்த இடங்களில், கிருஷ்ணர் படத்தில் மண்டபத் தூண், மாலை, கைவளை என்று ஒவ்வொரு மேடும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும், அவற்றுக்காகத்தான் பக்கவாட்டில் அந்த தெர்மாகோல்.

ஆனால் சுற்றிலும் வெள்ளையாக மூடிவிடாதீர்கள், மக்கு வேலையே தெரியாமல் தட்டையாகிவிடும். தெர்மாகோலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிப் பாருங்கள். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் கீழே மெல்லிய நிழல் விழும் இடத்தில் நிறுத்துங்கள். இந்த ஒரு விஷயத்துக்கு அரை மணி நேரம் செலவழித்தாலும் தகும். வாரக்கணக்கில் உட்கார்ந்து மக்கு வைத்து, கல் பதித்து, ரேக்கு ஒட்டிய வேலை ஒரு மோசமான போட்டோவால் விலைபோகாமல் இருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

கண்ணாடி போட்டு ஃப்ரேம் செய்வதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் (பளபளப்பை வடிகட்டும் ஃபில்டர்) மாட்டச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பை அடக்க அது அருமையான முறை, ரேக்குக்கு வேண்டாம். ரேக்கு திருப்பி அனுப்பும் ஒளியையே அது வெட்டிவிடுவதால் தங்கம் செத்துப் பழுப்பாகிவிடும்.

கேள்வி: பென்சில், வாட்டர்கலர் படங்களை இரவில்தான் எடுக்க நேரம் கிடைக்கிறது. வெள்ளைக் காகிதம் சாம்பலாக வருகிறது, படம் கோணலாகவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
வாசகர், மதுரை

காகிதம் நிறைய வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து போன் தானாகவே படத்தை இருட்டாக்கிவிடும். திரையில் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் வெளிச்சக் கோட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். காகிதம் வெளுக்க வேண்டும், ஆனால் அதன் சொரசொரப்பு மறையக் கூடாது, அதுதான் அளவு.

இரவு என்றால் ஒரே மாதிரி எல்.ஈ.டி பல்பு இரண்டு வேண்டும், ஒரே கம்பெனி, ஒரே வகை. டப்பாவில் சி.ஆர்.ஐ (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதன் அளவு) 90-க்கு மேல் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், அது குறைவாக இருந்தால் சிவப்பு நிறங்கள் சோர்ந்துபோகும். படத்துக்கு இரண்டு பக்கமும் 45 டிகிரியில், சம தூரத்தில், முடிந்தவரை தள்ளி வையுங்கள். வெளிச்சம் சமமா என்று பார்க்க, படத்தின் நடுவில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் விழும் நிழல்கள் ஒரே நீளம், ஒரே கறுப்பு என்றால் சரி. ஒன்று அதிகம் கறுத்திருந்தால் இரண்டு விளக்கில் ஒன்று கிட்டே இருக்கிறது.

கோணலுக்கு ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடி போதும். படத்தின் நடுவில் அதைப் படத்தோடு ஒட்டினாற்போல் வைத்துவிட்டு, போன் திரையைப் பாருங்கள். கண்ணாடிக்குள் உங்கள் லென்ஸ் திரையின் நட்டநடுவில் தெரியும்வரை போனை நகர்த்துங்கள். தெரிந்துவிட்டால் இரண்டும் இணையாக இருக்கின்றன என்று அர்த்தம். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு, மூன்று வினாடி டைமர் வைத்து எடுங்கள், விரல் பட்டால்கூட போன் ஆடும். 0.5 லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும், அதைத் தொடாதீர்கள். 1 அல்லது 2-ல் வைத்து, தள்ளி நின்று எடுங்கள்.

கேள்வி: நன்றாக எடுத்த படம்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மங்கிவிடுகிறதே?
வாசகி, தூத்துக்குடி

படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். இணைப்புக் குறியைத் தொட்டு 'டாக்குமென்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அதே படத்தை அனுப்புங்கள், எடுத்தது எடுத்தபடியே போய்ச் சேரும்.