சொல்லீரலாமா, மறைச்சுரலாமா? – கட்டுத்தரை டாக்டர் பதில்கள்

இந்தத் தடவை வந்த கடுதாசி, வாட்சப் எல்லாம் பார்த்தா பாதிக்கு மேல நோய்ப்பாடுதானுங்க, மனுசனுக்கும் மாட்டுக்கும். நான் மாட்டு டாக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். மனுச வைத்தியம் சம்பந்தப்பட்டதை அந்த டாக்டருங்ககிட்டக் கேட்டுத்தான் எழுதியிருக்கேன், ஆனா அபிப்பிராயம் என்னோடது, திட்டறதா இருந்தா என்னையத் திட்டுங்க.

கேள்வி: எங்கப்பாவுக்கு வயசு 72. கணையத்துல கேன்சர், கல்லீரலுக்கும் பரவிருச்சுன்னு கோயமுத்தூர்ல ஸ்கேன் பார்த்துட்டு சொல்லிட்டாங்க. டாக்டர் எங்களை மட்டும் தனியாக் கூப்பிட்டுத்தான் சொன்னாருங்க. அண்ணனுங்க ரெண்டு பேரும் அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாதுங்கறாங்க, அல்சருன்னு சொல்லி வெச்சிருக்கோம். தெனமும் "எனக்கு என்ன சாமி பண்ணுது"ன்னு என்னையத்தான் கேக்கறாரு. நாளைக்கு ஐசியூ, வென்டிலேட்டர்னு போனா என்ன பண்றதுன்னும் தெரியல, பெரியண்ணன் தோட்டத்தை வித்தாவது பார்க்கலாங்கறாரு.
– வாசகி, பெருந்துறை பக்கம்

பதில்: அம்மிணி, உங்கப்பாவுக்குத் தெரியாதுன்னு யாரு சொன்னா? பெங்களூர்ல இருக்கற பேரன் லீவு போட்டுட்டு ஓடியாறான், வரப்புத் தகராறுல வருசக்கணக்காப் பேசாத பங்காளி ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்து கட்டல்ல உக்காந்து கையப் புடிச்சுக்கறான், மருமகளுங்க சமையக்கட்டுல குசுகுசுன்னு பேசறாங்க, அவரு உள்ள வந்தா பேச்சு நின்னு போகுது. அல்சருக்கா இத்தனையும்? அவருக்கு முக்கால்வாசி தெரிஞ்சிருக்கும், நீங்க வெசனப்படக் கூடாதுன்னு அவரு நடிக்கறாரு, அவரு வெசனப்படக் கூடாதுன்னு நீங்க நடிக்கறீங்க, ஒரே வீட்டுக்குள்ள ஆளாளுக்குத் தனியா அழுதுட்டு இருக்கறீங்க. ஆனா உங்ககிட்ட மட்டும் கேக்கறாரு பாருங்க, பொய் சொல்லத் தெரியாத பொண்ணுன்னு பார்த்துத்தான் கேக்கறாரு.

நோய் அவரோடது. அவருக்கு ஆயிரம் சோலி இருக்கும், யாருக்கோ சீட்டு எழுதாம கைமாத்தாக் குடுத்த பணம் இருக்கும், சென்னிமலைக்கு வேண்டிக்கிட்டது பாக்கி இருக்கும், பையனுங்களுக்கு கெணத்துத் தண்ணி முறை எப்படின்னு சொல்ல வேண்டியிருக்கும். கீமோ போட்டுக்கறதா, போட்டாக் கெடைக்கற கொஞ்ச நாளுக்கு வாந்தியும் அலைச்சலும் தேவையான்னு முடிவெடுக்கறதும் அவருதான், அல்சருன்னு நெனைச்சுட்டு இருக்கற மனுசன் எப்படிங்க முடிவெடுப்பாரு? அண்ணனுங்க சொல்ற காரணம் என்னன்னு எனக்குத் தெரியும், "கேட்டா அன்னைக்கே ஒடிஞ்சு போயிருவாரு". ரெண்டு நாளு ஒடஞ்சுதான் போவாரு, பொறவு எந்திரிச்சு பத்திரப் பையைக் கேப்பாரு.

அதுக்காக ஒரே மூச்சுல போட்டு ஒடைக்க வேண்டாம். பொழுதோட ஆளில்லாத நேரமாப் பார்த்து, "அப்பா, ரிப்போர்ட் எல்லாம் வந்துருச்சு, எல்லாத்தையும் தெரிஞ்சுக்கறீங்களா, இல்ல டாக்டரும் நாங்களும் பார்த்துக்கட்டுமா"ன்னு மட்டும் கேளுங்க. "நீங்களே பார்த்துக்குங்க சாமி"ன்னாருன்னா அதோட நிறுத்திக்கலாம், தெரிஞ்சுக்க வேண்டாங்கறதும் அவரு உரிமைதான். தெரியோணும்னா டாக்டரை வெச்சே சொல்ல வைங்க, நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்.

அடுத்தது வென்டிலேட்டர். ஊசி போட்டு முடிச்சு விடறதுக்கு நம்ம நாட்டுச் சட்டத்துல எடமே இல்லைங்க. ஆனா பொழைக்க வாய்ப்பில்லாத நெலைமைல மெசினை வேண்டாங்கறதுக்கும், போட்டதை எடுக்கறதுக்கும் எடம் இருக்குது. மும்பைல அருணா ஷான்பாக்னு ஒரு நர்ஸ், 1973-ல தாக்கப்பட்டு நெனவு திரும்பாமயே 2015 வரைக்கும் அதே ஆஸ்பத்திரிக் கட்டல்ல கெடந்தாங்க, அவங்க கேஸ்லதான் 2011-ல சுப்ரீம் கோர்ட் மொதமொதல்ல கதவைக் கொஞ்சம் தொறந்து விட்டுச்சு. பொறவு 2018 மார்ச்ல, ஒருத்தர் நல்லா இருக்கறப்பவே "எனக்கு இந்த நெலைமை வந்தா மெசின் வேண்டாம்"னு எழுதி வெக்கலாம்னு தீர்ப்பு வந்துச்சு, லிவிங் வில்லும்பாங்க. அன்னைக்கு மாஜிஸ்திரேட்டு கையெழுத்து வேணும்னு வெச்சிருந்தாங்க, ஒருத்தரும் அந்தப் பக்கமே போகல. 2023 ஜனவரில அதைச் சுலபமாக்கி ரெண்டு சாட்சி, ஒரு நோட்டரி இல்லாட்டி கெஜட்டட் ஆபீசர் போதும்னுட்டாங்க. எழுதி வெச்சிருந்தாலும் ஆஸ்பத்திரில ஒரு டாக்டர் குழு, அதுக்கு மேல மாவட்டத்துல இருந்து ஒரு டாக்டரையும் சேர்த்து இன்னொரு குழு, ரெண்டும் ஒத்துக்கோணும், வீட்டாளுங்க சம்மதமும் வேணும். உங்கப்பா இப்போ தெளிவா இருக்காரு, இப்பவே கேட்டு எழுதிக்குங்க. அவருக்கு நோயே தெரியலைன்னா இதையும் கேக்க முடியாது, பார்த்தீங்களா. தெக்கத்திப் பக்கம் தலைக்கூத்தல்னு வயசானவங்களுக்கு எண்ணெ தேய்ச்சுவிட்டு எளநியைக் குடுத்து முடிக்கற பழக்கம் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, அதையும் இதையும் போட்டுக் கொழப்பிக்க வேண்டாம், அங்க படுத்திருக்கறவங்களை ஒருத்தரும் கேக்கறதில்ல, அது கொலை.

தோட்டத்தை விக்கறதுக்கு முன்னாடி வலிக்கு என்ன பண்றாங்கன்னு கேளுங்க. கணையத்துக் கேன்சர் வலி முதுகு வரைக்கும் இழுக்கும், பாராசிட்டமாலுக்கெல்லாம் அடங்காது. மார்பின் மாத்திரை இருக்குது, வெலை கம்மி, அடிமையாகிருவாங்கன்னு பயந்துட்டு சில பேரு எழுதறதே இல்ல. 2014-லயே போதை மருந்துச் சட்டத்தைத் திருத்தி ஆஸ்பத்திரிங்க வாங்கி வெக்கறதைச் சுலபமாக்கிட்டாங்க. பாலியேட்டிவ் கேர்னு, வலியும் அவஸ்தையும் இல்லாமப் பார்த்துக்கற வைத்தியம் இருக்குது, அதைக் கேளுங்க, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே நர்ஸ் வர்ற ஏற்பாடு இருக்குது, உங்க ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு குடுத்து வைங்க.

கேள்வி: எங்க கறவை மாட்டை போன மாசம் தெருநாய் கடிச்சுருச்சுங்க, நாங்க பெருசா எடுத்துக்கல. போன வாரம் எச்சில் ஒழுக ஆரம்பிச்சு, தீனி எடுக்காம, தொண்டை கம்முன மாதிரி கத்திக்கிட்டே இருந்து செத்துப் போச்சு. தொண்டைல ஏதோ சிக்கிருச்சுன்னு எங்க மாமியாரு வாய்க்குள்ள கைய விட்டுப் பார்த்தாங்க. டாக்டர் வெறிநோய்ங்கறாரு. மாடு படுக்கற வரைக்கும் சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு இருந்தோம். வெளிய சொன்னா நம்ம பாலையே வாங்க மாட்டாங்கன்னு வீட்டுக்காரரு சத்தம் போடறாரு. என்னங்க பண்றது?
– பேரு வேண்டாம், வெள்ளகோவில்

பதில்: இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள மாமியாரைக் கூட்டிட்டு ஜிஎச்சுக்குக் கெளம்புங்க. மாடு வெறி புடிச்சா நாயாட்டம் ஓடிக் கடிக்கும்னு நெனைக்கறோம், பாதி மாடு அப்படிப் பண்றதில்ல, முழுங்கற சதை செத்துப் போகும், எச்சில் நூலா ஒழுகும், பார்க்கறவங்களுக்கு மாங்கொட்டையோ கெழங்கோ அடைச்ச மாதிரியே இருக்கும். கட்டுத்தரைல இருக்கற பொம்பளைங்கதான் பாவம்னு கைய விடுவாங்க. அந்த எச்சில்லதான் கிருமி. சோளத்தட்டு அறுத்த கைல கீறல் இல்லாம இருக்குமா? வெறிநோய் அறிகுறி தெரிஞ்சாச்சுன்னா மனுசனுக்கு வைத்தியமே இல்ல, ஆனா அறிகுறிக்கு முன்னாடி ஊசி போட்டுட்டா காப்பாத்திறலாம். தோல்ல போடற ஊசின்னா மொத நாளு, 3, 7, 28-ம் நாளு, கவர்மென்ட் ஆஸ்பத்திரில காசில்ல. கீறல் இருந்தா இம்யூனோகுளோபுலின்னு கிருமியை ஒடனே தடுக்கற இன்னொரு ஊசி, அதையும் கேட்டு வாங்குங்க. மாட்டைத் தொட்டு எச்சில் பட்டவங்க எல்லாரும் போகோணும், கண்ணுக்குட்டி அந்த மடில குடிச்சிருந்தா அதுக்கும் டாக்டர்கிட்டச் சொல்லுங்க. இனிமே நாய் கடிச்சா, மாட்டுக்கோ மனுசனுக்கோ, சோப்புப் போட்டு ஓடற தண்ணில கால் மணி நேரம் கழுவீட்டுத்தான் மறுவேலை. மாட்டுக்கும் கடிச்ச ஒடனே ஊசி இருக்குது.

தொப்புளைச் சுத்திப் போடுவாங்கன்னு மாமியாரு பயப்படுவாங்க, அந்தக் காலத்து ஆளுங்க எல்லாருக்கும் அந்தப் பயம். அது ஆட்டு மூளைல இருந்து எடுத்த பழைய மருந்து, 1907-ல ஆரம்பிச்ச குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுல நம்ம பக்கத்துக்காக வருசக்கணக்கா தயாரிச்சாங்க. 2004 கடைசியோட நாட்டுலயே அதைத் தயாரிக்கறது நின்னு போச்சு, இப்போ கைலதான். (எத்தனை ஆட்டுத் தலை போயி நம்மளைக் காப்பாத்துச்சோ, அதுக்கு ஒரு கல்லு கூட நடல.)

இப்போ பால். காய்ச்சுன பாலுல கிருமி தாங்காது, டெய்ரில சூடு பண்ணித்தான் பாக்கெட் போடறாங்க, அதனால ஊரே ஊசிக்கு வரிசைல நிக்க வேண்டியதில்ல. பச்சையாக் குடிச்சவங்க இருந்தா டாக்டரைப் பார்க்கட்டும். ஆனா இதைச் சொன்னாத்தானுங்க அவங்களுக்குத் தெரியும்? உங்க வீட்டுக்காரரு பயம் நியாயந்தான், ஒரு மாட்டுப் பாலுல சோறு திங்கற குடும்பத்துக்கு சொசைட்டி கதவைச் சாத்துனா பொழப்பு போச்சு. ஆனா அதே நாய் பக்கத்துத் தோட்டத்து மாட்டைக் கடிச்சிருந்தா? அங்கயும் ஒரு மாமியா வாய்க்குள்ள கைய விடுவாங்கல்ல? செயலாளரைத் தனியாப் பார்த்துச் சொல்லுங்க, மாட்டு டாக்டரையும் கூட்டிட்டுப் போங்க, டாக்டர் வாயில இருந்து "காய்ச்சுன பாலுக்குப் பயமில்ல"ன்னு வந்தா ஊரு அடங்கிரும். நீங்க மறைச்சு, அது பொறவு கசிஞ்சா அப்பத்தான் உங்க பாலை ஒருத்தனும் தொட மாட்டான்.

செத்த மாட்டைத் தோலு உரிக்க விட்டறாதீங்க, ஆழமாக் குழி வெட்டி சுண்ணாம்பு போட்டுப் பொதைச்சிருக்கறீங்களான்னும் பாருங்க.

இன்னொண்ணு சொல்லோணும், கோவப்பட்டாலும் பரவால்ல. அந்த மாடு சாகற வரைக்கும் அப்படிக் கத்திக்கிட்டே இருந்துச்சுன்னு எழுதியிருக்கறீங்க. 1960-ம் வருசத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்துலயே, தேறாத நெலைமைல துடிக்கற உசுரை வலியில்லாம முடிக்கறதுக்கு வழி இருக்குது. கோமாதாவுக்கு ஊசி போட்டா பாவம்னு டாக்டரைத் தடுக்கற வீடுங்களை நான் நெறையப் பார்த்திருக்கேன். தெருநாய் விதில இன்னொரு கூத்து, வெறிநாய்னு சந்தேகம் வந்தா தனியா அடைச்சு வெச்சு அதாச் சாகற வரைக்கும் விட்டுரோணுமாம். வெறிநோய்ல சாகறது எப்படின்னு பார்த்தவன் அந்த விதியை எழுதியிருக்க மாட்டான்.

கேள்வி: எங்க நாய்க்கு 13 வயசு. பின்னங்கால் ரெண்டும் விழுந்துருச்சு, படுத்த எடத்துலயே எல்லாம். ஊசி போட்டுறலாமான்னு கேட்டா வீடே அழுகுது.
– கல்லூரி மாணவர், கோபி

பதில்: தம்பி, வெச்ச சோத்தை ஆசையாத் திங்குதா, உன் சத்தம் கேட்டா வாலு அசையுதா, படுக்கைப் புண்ணு இருக்குதா, இந்த மூணையும் ஒரு வாரம் பார்த்து நோட்டுல எழுது. நல்ல நாளை விடக் கெட்ட நாளு அதிகமானா டாக்டரைக் கூப்பிடு. மயக்க மருந்து குடுத்துத்தான் செய்வாங்க, அதுக்குத் தெரியாது. அழுகறவங்க எல்லாரும் ஆளுக்கொரு நாளு அதோட துணியை அலசிப் போடச் சொல்லு, முடிவு தன்னால வரும்.

கேள்வி: எங்கண்ணனுக்கு வாரம் மூணு தடவை டயாலிசிஸ். ஒரு புரோக்கரு, தறி ஓட்டற ஆளு ஒருத்தரு கிட்னி குடுக்கத் தயாரா இருக்காரு, சொந்தக்காரருன்னு பேப்பர் ரெடி பண்ணிக்கலாங்கறாரு. அவரு கடனும் தீரும், எங்கண்ணனும் பொழைப்பாரு. ரெண்டு பக்கமும் நல்லதுதான, இதுல என்னங்க தப்பு?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: உங்க பக்கத்து ஊருதானுங்க பள்ளிபாளையம், 2025-ல அங்க நடந்தது பேப்பர் டிவி எல்லாத்துலயும் வந்துச்சே. தறிக்காரங்க கந்துவட்டிக்கு மாட்டி கிட்னியை வித்தாங்கன்னு வெளிய வந்து, ஹைகோர்ட்டு தனி விசாரணைக் குழுவே போட்டுச்சு. அவரு கடன் தீரும்ங்கறீங்க. இந்த யாவாரத்துல பெரிய பங்கு புரோக்கருக்கு, பேசுன தொகை முழுசா வித்தவன் கைக்கு வராது, வந்தது வட்டிக்குப் போகும், பொறவு நின்னுக்கிட்டே ஷிப்ட் பார்க்கவும் ஒடம்பு கேக்காது. "அவரு சம்மதிச்சுட்டாரு"ங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன், வாசல்ல வட்டிக்காரன் நிக்கறப்போ சொல்ற சரிக்குப் பேரு சம்மதமில்ல. சட்டம் இன்னும் கறாரு, 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தை 2011-ல திருத்துனதுல உறுப்பு யாவாரத்துக்கு 5 வருசத்துல இருந்து 10 வருசம் ஜெயில், 20 லட்சத்துல இருந்து 1 கோடி அபராதம், வாங்கறவனுக்கும் சேர்த்துத்தான்.

நேர் வழி இருக்குது. அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க, புருசன் பொண்டாட்டி, மக்க, தாத்தா பாட்டி, பேரன் பேத்தி குடுக்கலாம். ரத்த வகை சேரலைன்னா அதே சிக்கல்ல இருக்கற இன்னொரு குடும்பத்தோட மாத்திக்கவும் சட்டம் விடுது. மூளைச்சாவு ஆனவங்க உறுப்புக்கு டிரான்ஸ்டான்ல, அதான் தமிழ்நாடு அரசோட உறுப்பு மாற்று ஆணையத்துல, ஆஸ்பத்திரி மூலமா பேரு பதிஞ்சு வைங்க, முதலமைச்சர் காப்பீட்டுல மாற்று ஆபரேசன் வருது. ஆனா கூடப் பொறந்தவன்னு நீங்க இருக்கறப்போ உங்க பேரு கடுதாசில எங்கயுமே வரலையே? கோவிச்சுக்காதீங்க. நம்ம நாட்டுல உசுரோட இருந்து குடுக்கறவங்கள்ல பெரும்பாலும் பொம்பளைங்க, வாங்கறவங்க பெரும்பாலும் ஆம்பளைங்க. நங்கையாளையோ அம்மாவையோ கூப்பிடறதுக்கு முந்தி நீங்க டெஸ்ட் எடுத்துருங்க. அவங்க குடுக்க வந்தாலும், "வேண்டாம்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்"னு அவங்களைத் தனியா உக்கார வெச்சு டாக்டர் கேக்கட்டும்.

கேள்வி: மாட்டுக்கு வலி ஊசியா டைக்ளோபினாக் போடக்கூடாதுங்கறாங்க, மெடிக்கல்ல மனுச ஊசி வெலை கம்மியாக் கெடைக்குதே?
– விவசாயி, சத்தியமங்கலம்

பதில்: 2006-லயே மாட்டுக்குத் தடைங்க. அந்த ஊசி போட்ட மாடு செத்து, கழுகு தின்னா அதுக்கு சிறுநீரகம் கெட்டு செத்துப் போகும், பாறு கழுகு அப்படித்தான் நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுக்கு மேல அழிஞ்சு போச்சு. மனுச ஊசியைப் பெரிய பாட்டில்ல வாங்கி மாட்டுக்குப் போட்டாங்கன்னுதான் 2015-ல 3 மில்லிக்கு மேல பாட்டிலே கூடாதுன்னாங்க. 2023-ல கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக்னு இன்னும் ரெண்டு வலி மருந்தையும் மாட்டுக்குத் தடை பண்ணிட்டாங்க. மெலாக்சிகாம் கேளுங்க, மாட்டுக்கும் வலி தீரும், மாயாறுப் பக்கம் மிச்சமிருக்கற கழுகுக்கும் ஒண்ணும் ஆகாது.

கேள்வி: கேன்சரை 48 நாள்ல போக்கறதா நோட்டீஸ் குடுத்தாங்க, முன்பணம் கேக்கறாங்க. நம்பலாமா?
– வாசகி, தாராபுரம்

பதில்: வேண்டாம். கேன்சரைக் குணப்படுத்தறேன்னு விளம்பரம் பண்றதே 1954-ம் வருசத்துச் சட்டப்படி குத்தம். அந்த நோட்டீஸைக் கிழிச்சுப் போட்டறாதீங்க, ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கிட்டு ஒரிஜினலை ட்ரக் இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல குடுங்க.