பட்டறைப் பதில்கள்: நனைய வேண்டியது படகு, நனையக் கூடாதது மேக்னெட்டோ

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி போர்வெல் மோட்டாரைப் பற்றித்தான். அவற்றை அடுத்த இதழில் பார்க்கலாம். காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த ஒரு கடிதம் என்னை இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை. அதற்கே அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாந்தோப்புக் கொட்டகையில் தாத்தா காலத்து மரப்படகு ஒன்று கவிழ்த்து வைத்தபடி கிடக்கிறது. நீளம் 11 அடி. மெட்ராஸில் ஏலத்தில் எடுத்ததாக அப்பா சொல்வார். அதோடு 'பிரிட்டிஷ் சீகல்' என்று எழுதிய சின்ன மோட்டாரும் இருக்கிறது. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவு சந்து விழுந்துவிட்டது. எம்-சீல் அடைத்து, மேலே ஃபைபர் ஒட்டிவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். மோட்டார் சுற்றவே இல்லை. சுத்தியலால் தட்டினால் விடும் என்கிறார் இன்னொருவர். என்ன செய்யட்டும்?
*– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்*

ஐயா, இரண்டு பேர் சொன்னதையும் செய்யாதீர்கள். இன்றைக்கே அந்தக் கொட்டகையைப் பூட்டிச் சாவியை உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பழையபேட்டையில் பட்டறை போடுவதற்கு முன்னால் 11 வருஷம் நாகப்பட்டினத்தில் படகு மோட்டார் வேலை பார்த்தவன். போன புதிதில், கரையில் ஒரு வருஷம் காய்ந்து கிடந்த சின்னப் படகு ஒன்றை என்னிடம் விட்டார்கள். சந்துகளைப் பார்த்ததும் கைக்குக் கிடைத்த புட்டிப் பசையை எல்லாம் அழுத்தி அடைத்தேன். பெயின்ட் அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. தண்ணீரில் இறக்கி மூன்றாம் நாள், பலகை ஊறி உப்பியது. உப்புவதற்கு இடமில்லை, சந்தில் கல் மாதிரி புட்டி உட்கார்ந்திருந்தது. பலகை வங்கை, அதாவது உள்ளே விலா எலும்பு மாதிரி பலகைகளைத் தாங்கும் மரத்தை, விட்டு ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அங்கிருந்த வயதான ஆசாரி என்னைத் திட்டக்கூட இல்லை. "மரத்துக்குத் தாகம், நீ வாயை அடைச்சிட்டே" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு படகிலும் நான் அவசரப்பட்டதில்லை.

உங்கள் படகில் இருக்கும் சந்து பழுது இல்லை, மரம் காய்ந்ததால் வந்தது. 30, 40 வருஷம் நம் ஊர் வெயிலில், தகரக் கூரைக்கு அடியில் கிடந்தால் எந்த மரமும் சுருங்கத்தான் செய்யும். தண்ணீர் காட்டினால் பெரும்பகுதி தானே கூடிவிடும்.

நீங்கள் அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பலமுறை பார்த்தேன். பலகைகள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கின்றன. இது மிக முக்கியம். நம் கடற்கரை வள்ளங்களில் பலகையும் பலகையும் விளிம்போடு விளிம்பாகச் சேரும். அந்தச் சந்தில் பஞ்சுத் திரியை உளியால் இறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். கலப்பத்து பார்ப்பது என்று அதற்குப் பேர். உங்களுடையது அந்த வகை இல்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பலகைகளைச் செம்பு ஆணி கோத்து, உள்பக்கம் சின்னச் செம்பு வளையம் வைத்து, முனையைத் தட்டி மடக்கிய வேலை இது. இங்கிலாந்துப் பக்கத்துச் சின்னப் படகுகளில் வழக்கமாக இருந்த முறை. இதற்குக் கலப்பத்தே கிடையாது. பஞ்சோ புட்டியோ எதைத் திணித்தாலும் அது ஆப்பு வேலை செய்து பலகைகளைப் பிரித்துவிடும்.

சரி, எப்படி நனைப்பது? படகை நிமிர்த்தி, மாமர நிழலில், அடிப்பலகைக்கு நான்கைந்து இடத்தில் மரக்கட்டை கொடுத்து உட்கார வையுங்கள். வெயில் ஆகாது. உள்ளே ஈரக் கோணிச்சாக்கு பரப்புங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். பத்து நாள் வரைக்கும் வேறு எதையும் தொடாதீர்கள். அப்புறம் உள்ளே நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். முதல் நாள் சல்லடை மாதிரி ஒழுகும், மனசு விட்டுவிடாதீர்கள். நாளுக்கு நாள் குறையும். எந்த இடத்தில் கடைசி வரை ஒழுகுகிறதோ, அங்கே சுண்ணக்கட்டியால் குறி போடுங்கள். உண்மையான பழுது அந்த இடங்கள் மட்டும்தான்.

குறி போட்ட இடத்தில் பெரும்பாலும் செம்பு ஆணி தளர்ந்திருக்கும். ஒருவர் வெளியே ஆணித்தலையில் கனமான இரும்பைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் உள்ளே மடக்கின முனையைச் சின்னச் சுத்தியால் லேசாகத் தட்ட வேண்டும். பத்துத் தட்டு போதும். படத்தில் அமரத்துப் பக்கம், அதாவது மோட்டார் மாட்டும் பின்பக்கம், சில ஆணிகளைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறது. யாரோ நடுவில் இரும்பு ஆணி அடித்திருக்கிறார்கள். அவற்றைப் பிடுங்கிவிட்டுச் செம்பு போடுங்கள். செம்பும் இரும்பும் ஈரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இரும்பு கரைந்து, கூடவே மரத்தையும் தின்றுவிடும்.

வங்கு விரிசல் விட்டிருந்தால் பழையதைப் பிடுங்காதீர்கள், பக்கத்தில் புதிதாக ஒன்று சேருங்கள். கடற்கரை ஆசாரிகள் வளைவான வங்குக்கு, இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கருவேலங் கிளையைத் தேடி எடுப்பார்கள். நார் வளைவோடு ஓடுவதால் அது உடையாது. மெல்லிய வங்கு என்றால் ஆவியில் வேகவைத்து வளைக்கலாம். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி என்பது கணக்கு. எடுத்ததும் நிமிஷம் தாமதிக்காமல் வளைத்துவிட வேண்டும்.

ஃபைபர் வேண்டவே வேண்டாம். மரம் ஊறும், காயும், அசையும். ஃபைபர் அசையாது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து, வெளியே பளபளவென்று இருக்க உள்ளே மரம் மக்கிப்போகும்.

இனி மோட்டார். நல்ல பொருள் உங்கள் கையில் இருக்கிறது ஐயா. சீகல் இங்கிலாந்தில் டார்செட் பக்கம் பூல் என்ற துறைமுக ஊரில் செய்தது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஆயிரக்கணக்கில் வாங்கியது. ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கயிறு சுற்றி இழுக்கும் ஸ்டார்ட். மூடி, கவர் என்று எதுவும் கிடையாது, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நம் ஊர் பம்ப்செட் மெக்கானிக் யாரும் அரை நாளில் புரிந்துகொள்ளலாம்.

சிலிண்டர் வார்ப்பிரும்பு. ரிங்கும் சுவரும் துருவால் ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி, டீசலும் ஆயிலும் பாதிப் பாதி கலந்து உள்ளே ஊற்றுங்கள். ஒரு வாரம் ஊறட்டும். குறைந்தால் மறுபடி ஊற்றுங்கள். தினமும் ஃபிளைவீலைக் கையால் பிடித்து இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் அசைத்துப் பாருங்கள். என்றைக்கோ ஒரு நாள் மெதுவாக 'க்ரக்' என்று விடும். சுத்தியல் எடுத்தால் பிஸ்டன் உடையும், அல்லது கனெக்டிங் ராடு வளையும். அப்புறம் அந்தச் சாமானுக்கு எங்கே போவீர்கள்?

சுற்ற ஆரம்பித்ததும் கரன்ட் வருகிறதா என்று பாருங்கள். வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளைவீலுக்கு அடியில் பாயிண்ட், கன்டென்சர், காயில் எல்லாம் இருக்கின்றன. காந்தம் சுற்றுவதால் பிளக்குக்குக் கரன்ட் தரும் இந்த அமைப்புக்குத்தான் மேக்னெட்டோ என்று பேர். பழைய சீகல்களில் வில்லியர்ஸ் கம்பெனி மேக்னெட்டோ வரும். அதன் நடு நட்டைத் திருகும்போது முதலில் இலகும், பிறகு திடீரென்று மறுபடி இறுகும். மரை போய்விட்டது என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். அந்த நட்டே ஃபிளைவீலை இழுத்துக் கழற்றிக் கொடுக்கிறது, தொடர்ந்து திருகுங்கள். கழற்றின ஃபிளைவீலின் காந்தங்களுக்குக் குறுக்கே ஒரு இரும்புத் துண்டை உடனே ஒட்டி வையுங்கள். பழைய காந்தம், சும்மா வைத்தால் பலம் குறையும். பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, இடைவெளி அரை மில்லிமீட்டர் வையுங்கள். கன்டென்சரை யோசிக்காமல் மாற்றுங்கள், பழைய ஸ்கூட்டர் கன்டென்சர் வேலை செய்யும். சரியான இடத்தில் பொருந்தாவிட்டால் வெளியே வைத்து ஒயர் கொடுங்கள்.

ஆயில் விஷயத்தில் யார் பேச்சையும் கேட்காதீர்கள். பழைய சீகலுக்கு 10 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். லிட்டருக்கு 100 மில்லி. புகை கக்கும், கக்கட்டும். கிராங்க் சுற்றுவது வெறும் வெண்கலப் புஷ்ஷில், அதற்கு அவ்வளவு ஆயில் வேண்டும். பிந்தைய மாடல்களுக்கு 25-க்கு 1 என்று மாற்றினார்கள். உங்களுடையது எது என்பதை கிராங்க்கேஸில் பொறித்த எண் சொல்லும். எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள். அதுவரைக்கும் 10-க்கு 1 தான்.

கியர்பாக்ஸில் 140 நம்பர் ஆயில் ஊற்ற வேண்டும். கழற்றினால் பால் மாதிரி வரும். சீல் போய்விட்டது என்று கடை கடையாக அலையாதீர்கள். அதில் இன்றைய மோட்டார் மாதிரி இறுக்கமான சீல் கிடையாது, கொஞ்சம் தண்ணீர் புகுவது அதன் சுபாவம். அடிக்கடி ஆயிலை மாற்றினால் போதும். புரொப்பெல்லரைப் பிடித்திருக்கும் கனமான ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு போல்ட் போட்டுவிடாதீர்கள். புரொப்பெல்லர் பாறையில் அடித்தால் அந்த அடியை ஸ்பிரிங்தான் வாங்கிக்கொள்ளும். நம் அணைகளில் பாறைக்கா பஞ்சம்?

முதல் ஓட்டம் 200 லிட்டர் டிரம்மில், வெட்டவெளியில். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட ஓட்டக் கூடாது. மோட்டாரைக் கனமான மரத்தில் இறுக்கிக் கட்டுங்கள். பல சீகல்களில் நியூட்ரல் கிடையாது, ஸ்டார்ட் ஆன நொடியே புரொப்பெல்லர் சுற்றும், டிரம் தண்ணீரை வாரி வெளியே கொட்டும். ஒருவர் பைப் பிடித்து நிரப்பிக்கொண்டே இருக்கட்டும். சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கும் சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது. பொறுக்கவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள், வழியில் எங்கோ அடைப்பு. நம் போர்வெல் தண்ணீர் உப்புக்கறை கட்டும் தண்ணீர், அதனால் டிரம்முக்கு மழைத்தண்ணீரோ ஆற்றுத்தண்ணீரோ கிடைத்தால் நல்லது.

கிருஷ்ணகிரி அணையில் விடலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அணை நீர்வளத்துறையின் கையில். எழுதிக் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்காமல் இறக்காதீர்கள். மோட்டார் பூட்டிய உள்நாட்டுப் படகுகளுக்கு 1917-ம் வருஷச் சட்டத்தை மாற்றி 2021-ல் புதிய சட்டம் வந்திருக்கிறது. பதிவு, பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பேரப்பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

பவர் ஸ்பிரேயர் ஒவ்வொரு தக்காளி சீசனுக்கும் எடுக்கும்போது ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது. கார்புரேட்டர் இரண்டு முறை மாற்றிவிட்டேன்.
*– ஒரு விவசாயி, பாலக்கோடு*

கார்புரேட்டர் மேல் குற்றமில்லை. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ட்யூபை இளக்கும். மாதக்கணக்கில் டேங்கிலேயே விட்டால் ஜெட்டில் பிசின் மாதிரி படியும். சீசன் முடிந்ததும் டேங்கைக் கவிழ்த்துக் காலி செய்து, மிச்சப் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, அப்புறம் எடுத்து வையுங்கள். மேலே கடிதம் எழுதிய காவேரிப்பட்டணத்து ஐயாவுக்கும் இது பொருந்தும். அதைவிட முக்கியம் ஒன்று. வெளிநாட்டுப் பழைய மோட்டார் சிலவற்றில் கார்புரேட்டர் மிதவை தக்கையால் செய்து அரக்கு பூசியிருக்கும். எத்தனால் அந்த அரக்கையே கரைத்துவிடும்.

படகு மோட்டாரைக் கண்டுபிடித்தது யார் அண்ணா?
*– கல்லூரி மாணவி, ஓசூர்*

ஒரே ஆளின் வேலை இல்லை தங்கச்சி. பலர் முயன்றார்கள். விற்பனையில் நிலைநிறுத்தியவர் ஓலே எவின்ரூட், நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் மில்வாக்கியில் பட்டறை வைத்திருந்தவர். 1909-ல் அவருடைய ஒன்றரைக் குதிரைசக்தி மோட்டார் விற்பனைக்கு வந்தது. காதலிக்கு ஐஸ்க்ரீம் வாங்க ஏரியில் துடுப்புப் போட்டுப் போனவர், திரும்புவதற்குள் அது உருகிப்போனதில் இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். அவரைக் கட்டிக்கொண்ட அந்தப் பெண்ணின் பேர் பெஸ். அவர்தான் கடிதப் போக்குவரத்து, விளம்பரம் எல்லாம் பார்த்து வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தியவர். இதை மெக்கானிக்குகள் சொல்ல மறந்துவிடுகிறோம்.

பரிசலில் சின்ன மோட்டார் மாட்ட முடியுமா? துடுப்புப் போட்டுத் தோள் போய்விட்டது.
*– பரிசல் ஓட்டி, பென்னாகரம்*

உங்கள் தோள்வலி புரிகிறது தம்பி, ஆனாலும் மாட்டாதீர்கள். பரிசல் வட்டம், அதற்கு முன்னும் கிடையாது பின்னும் கிடையாது, படகை நேராகப் போகவைக்கும் ஏரா என்ற அடிக்கட்டையும் இல்லை. ஓரத்தில் ஒரே இடத்தில் மோட்டார் தள்ளினால் அது முன்னே போகாது, தட்டாமாலை சுற்றும். மூங்கில் பின்னலில் மோட்டாரின் கனத்தையும் அதிர்வையும் தாங்கும் பலகை வைக்கவும் இடமில்லை. ஒகேனக்கல் பாறைகளுக்கு நடுவில் அது ஆபத்து. நாகமரை – பண்ணவாடி மாதிரி மேட்டூர் அணையின் அகலத் தண்ணீரில் மோட்டார் படகு சரி, பாறை நடுவே பரிசலும் துடுப்பும்தான். துடுப்பின் கைப்பிடியை மட்டும் அளந்து எழுதுங்கள். பலருடைய துடுப்பு ஆளுக்குக் குட்டையாக இருக்கிறது. குனிந்து குனிந்து போடுவதில்தான் தோள் போகிறது. உங்கள் உயரத்தையும் சேர்த்து எழுதினால், எவ்வளவு நீட்ட வேண்டும் என்று சொல்கிறேன்.