பக்கத்துத் தோட்டத்து நாய் கோழிகளைக் கொன்றுவிட்டது: நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: கரூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் புறக்கடையில் சிறுவிடைக் கோழி வளர்க்கிறேன். போன வாரம் விடியற்காலையில் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் நாய் வேலிக்குள் புகுந்து, அடையில் இருந்த இரண்டையும் சேர்த்து 11 கோழிகளைக் கடித்துப் போட்டுவிட்டது. சத்தம் கேட்டு ஓடியபோது நாயைப் பார்த்தேன். செத்த கோழிகளைப் போனில் படம் எடுத்துவிட்டுப் புதைத்துவிட்டோம். இரண்டு மாதத்துக்கு முன் இதே நாய் ஒரு கோழியைப் பிடித்தபோது அவர் ஜிபேயில் 600 ரூபாய் அனுப்பினார். இப்போது "என் நாய்தான் என்பதற்கு என்ன சாட்சி?" என்கிறார். ஸ்டேஷனில் "இது சிவில் விவகாரம்" என்று அனுப்பிவிட்டார்கள். கருவாட்டில் குருணை மருந்து கலந்து வைக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். குஞ்சுகளைக் கீரி வேறு தூக்குகிறது. கண்ணி வைக்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: மருந்து வைக்கும் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். இப்போது நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கிறது. குருணையை வைத்த நிமிடம் நீங்கள் குற்றவாளி, அவர் புகார்தாரர். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவுப்படி விலங்கைக் கொல்வதற்கும் விஷம் வைப்பதற்கும் 5 ஆண்டுவரை சிறை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (ஐ.பி.சி.) விலங்கின் விலையைப் பார்த்துப் பிரிவு மாறும். இப்போது அந்தக் கணக்கே கிடையாது. அந்தக் குருணையைத் தின்பது மயிலாக இருந்தால் வனத்துறை வழக்கு. மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் தண்டனை 3 ஆண்டில் தொடங்கி 7 ஆண்டுவரை போகும். மிச்சத்தை உங்கள் கோழிகளே கொத்தலாம் என்பதையும் யோசியுங்கள்.

நாய் கோழியைக் கவ்வியிருக்கும்போது தடியால் அடித்து விரட்டுவது வேறு விஷயம். பொருளுக்கு வரும் சேதத்தைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்ததற்கு நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவு பாதுகாப்பு தரும். மறுநாள் தேடிப் போய் அடித்தால் அது பொருந்தாது.

போலீஸ் சொன்னது பாதி சரி. வளர்ப்பு விலங்கைக் கவனக்குறைவாக விடுவதற்கான 291-ஆம் பிரிவு, மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து இருந்தால்தான் வரும், கோழிக்கு வராது. அந்த நாய் குழந்தைகளைத் துரத்தியிருந்தால் அதைத் தனிப் புகாராகக் கொடுங்கள். எப்படியானாலும் புகாரை எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். உடனே புகார் செய்தீர்கள் என்பதற்குத் தேதியோடு ஓர் ஆதாரம் இருக்கும்.

நஷ்டஈடு விஷயத்தில் கோர்ட் முக்கியமாகப் பார்ப்பது, நாய் கடிக்கும் என்பது உரிமையாளருக்கு முன்பே தெரியுமா, தெரிந்தும் கட்டாமல் விட்டாரா என்பதைத்தான். இங்கேதான் அந்த 600 ரூபாய் உங்களுக்குக் கைகொடுக்கிறது. தெரியாத நாய்க்காக யாரும் பணம் அனுப்பமாட்டார்கள். ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காமல், வங்கியில் முத்திரையிட்ட ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். அதையொட்டி வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அழிக்காதீர்கள். படம் எடுத்த போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். மின்னணு ஆதாரங்களுக்கான பாரதிய சாக்ஷிய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடுதான் அந்தப் படங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். இன்னொரு முறை இப்படி நடந்தால் புதைக்கும் முன் கால்நடை மருந்தகத்துக்கு இரண்டு மூன்று உடல்களையாவது கொண்டுபோய், நாய்க்கடிதான் என்று கால்நடை உதவி மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். நாய் பலவற்றைக் கடித்துக் குதறிப் போட்டுவிட்டுப் போகும். மரநாயும் காட்டுப்பூனையும் பெரும்பாலும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும். இந்த வித்தியாசம் படங்களில் தெரிந்தால் "மரநாய் பிடித்திருக்கும்" என்ற வாதம் நிற்காது.

அவர் தரப்பில் "உங்கள் கோழிகள் என் தோட்டத்தைக் கிளறின" என்று வரும். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தின் பட்டியலில் ஆடு, மாடு, பன்றி எல்லாம் உண்டு, கோழி இல்லை. ஆனாலும் கோழி செத்த இடம் உங்கள் நிலமா அவர் நிலமா என்பது முக்கியம். அவர் நிலத்தில் செத்திருந்தால் உங்கள் கோரிக்கை மிகவும் பலவீனமாகிவிடும்.

தொகையை நியாயமாகப் போடுங்கள்: ஒவ்வொரு கோழியின் எடை, அன்றைய சந்தை விலை, அடையில் வீணான முட்டைகள். அதிகமாக்கிச் சொன்னால் முழுக் கணக்கையும் சந்தேகப்படுவார்கள். முதலில் 15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ். பதில் வராவிட்டால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். கோர்ட் கட்டணம் இல்லை. பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் உங்களுக்கு இலவச வக்கீலும் உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் அந்த உத்தரவு தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. இவ்வளவு சிறிய தொகைக்கு இந்த வழிதான் சரி என்பது என் கருத்து. அவர் வரவே மறுத்தால் முன்சீப் கோர்ட். அதற்கு 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது.

கீரிக்குக் கண்ணி வைக்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் கண்ணி, பொறி, விஷம், அதற்கான முயற்சிகூட வேட்டைதான். மனிதரைக் காக்கக் கொல்வதற்கு அதில் விலக்கு உண்டு. கோழியைக் காக்க இல்லை. வேலிக்கு மின்சாரம் கொடுக்கும் யோசனையும் வேண்டாம். ஆள் செத்தால் கொலையாகாத மரணம் விளைவித்த வழக்குவரை போகும்.

கீரி பகலில் வரும் என்பதால் சாயங்காலம் கூட்டை அடைப்பது மட்டும் போதாது. குஞ்சுகளை முதல் இரண்டு மாதம் பகலிலும் அடைப்புக்குள் வையுங்கள். அறுகோணக் கோழிவலையை நாய் கிழித்துவிடும். அரை அங்குல வெல்டட் மெஷ் போட்டு, அடியில் ஓர் அடி மண்ணுக்குள் இறக்கி வெளிப்பக்கம் மடக்கிவிடுங்கள். வேலியைச் சரிசெய்யும் முன், நாய் நுழைந்த ஓட்டையை அளவுகோல் வைத்து, எல்லைக்கல்லும் தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள்.