ஹார்ப்சிகார்டில் என்ன இருக்கிறது?

வணக்கம் சார்,

செக் நாட்டு ஹார்ப்சிகார்ட் கலைஞர் ஸூஸானா ரூஷிச்கோவா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் படைப்புகளை அவர் வாசித்ததைத் தேடிக் கேட்டேன். பியானோ போலக் கட்டைகள் கொண்ட பழைய வாத்தியமான ஹார்ப்சிகார்ட் எனக்குப் பிடிபடவே இல்லை. எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம். இதை வைத்துக்கொண்டு ஒருவர் ஆயுள் முழுக்க என்ன செய்வார்? நாஜி முகாமிலிருந்து தப்பியவர் என்பதற்காகத்தான் கொண்டாடுகிறோமோ என்றும் தோன்றியது. தவறாக நினைக்க வேண்டாம்.

சரவணன், திருச்சி

அன்புள்ள சரவணன்,

தவறாக நினைக்க ஒன்றுமில்லை. நானும் முதல் தடவை பத்து நிமிடத்தில் நிறுத்தியவன்தான்.

கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு மரத்துண்டு எழும்பும். அதில் செருகிய சின்ன அலகு தந்தியைச் சுண்டும். தடவினாலும் ஓங்கி அடித்தாலும் ஏறக்குறைய அதே சுண்டல்தான். ஆகவே கைவசம் மிஞ்சுவது காலம். ஒரு ஸ்வரத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவைப்பது, அடுத்ததை இமைப்பொழுது தாமதிப்பது, சேர்ந்து விழவேண்டிய ஸ்வரங்களை ஒவ்வொன்றாக உதிர்ப்பது. காதுக்கு அது அழுத்தமாகவே கேட்கும். பாக்கின் ஐந்தாவது ஆங்கில சூட்டில் (நடன இசைகளின் தொகுப்பு) வரும் சரபாந்து என்ற மெதுவான நடன இசையை மட்டும் இரண்டு தடவை கேட்டுப்பாருங்கள்.

அதை ஏன் சொல்கிறேன் என்றால், சிறுமியாக அந்தச் சரபாந்தை ஒரு தாளில் எழுதி முகாமுக்குக் கொண்டுபோனவர் ஸூஸானா. ஆஷ்விட்ஸில் தாயையும் மகளையும் பிரித்து லாரியில் ஏற்றும்போது தாள் காற்றில் பறக்க, அதைப் பிடிக்க அம்மா ஓடிவந்திருக்கிறார். லாரியிலிருந்த பெண்கள் அவரையும் தூக்கிப்போட்டுக்கொண்டார்கள். பின்னாளில் ஸூஸானாவே சொன்னது இது.

தொண்டை அடைக்கிறது, சரி. ஆனால் அதற்காக மட்டும் யாரும் அவர் வாசித்த பாக்கை 20 சிடி கேட்க மாட்டார்கள். 1945இல் சொந்த ஊரான பில்சனுக்குத் திரும்பியபோது அவருக்கு 18 வயது. முகாம் வேலையில் கை கெட்டுப்போயிருந்தது. பழைய ஆசிரியை கையைப் பார்த்து அழுதாராம். இசையை விட்டுவிடச் சொன்னவர்களும் உண்டு. குழந்தைகள் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கி, நாளுக்கு 12 மணி நேரம் சாதகம் செய்தார். 1956இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்த சர்வதேச இசைப் போட்டியில் பரிசு. 1965 தொடங்கிப் பத்தாண்டு உழைத்து, பாக்கின் கீபோர்டு படைப்புகள் அத்தனையையும் ஹார்ப்சிகார்டில் பதிவுசெய்த முதல் ஆள் ஆனார். கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த நாட்டிலேயே அவரும் கணவர், இசையமைப்பாளர் விக்டர் கலாபிஸும் கட்சியில் சேரவில்லை. வெளிநாட்டில் வாசித்துச் சம்பாதித்ததில் பெரும்பகுதியை அரசாங்கமே எடுத்துக்கொண்டது.

ஒரு குறை சொல்லலாம். அவர் வாசித்ததில் பல, 20ஆம் நூற்றாண்டுத் தொழிற்சாலைகள் செய்த கனத்த வாத்தியங்கள். இன்றைய கலைஞர்கள் பழைய வாத்தியங்களைப் பார்த்துச் செய்த இலகுவான நகல்களையே விரும்புகிறார்கள். நாதம் அவற்றில்தான் இதமாக இருக்கிறது. உங்கள் காது முரண்டுபிடிக்க அதுவும் காரணமாக இருக்கலாம்.

அப்புறம், சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவைத்துக் கேளுங்கள். அறைக்குள் வாசிக்கிற வாத்தியம் இது. ஹெட்ஃபோனில் முழுதாகத் திருகினால் எனக்கும் தலைவலிதான்.